போனவன் திரும்பி வர்ற கதை

அத்தியாயம் 14

பிணவறைக் கதவு திறக்கிற இடத்தில் போன வாரம் நிறுத்திவிட்டேன் என்று என்னைத் திட்டாதவர் பாக்கி இல்லை. "உங்க வீட்டு ஆளா இருந்தா இப்படி நிறுத்துவீங்களா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். நியாயம்தான். அதனால் இந்த வாரம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே கிடந்தவர் மெக்கானிக் இல்லை. வேறு யாரோ, வேறு எந்த வீட்டிலோ தேடிக்கொண்டிருக்கிற ஒரு மனிதர்.

தங்கை அந்த முகத்தைப் பார்த்து, "இவர் இல்ல" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து படியில் உட்கார்ந்து சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டோமே என்று அன்று முழுக்க அழுதாள்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு நாலு வார்த்தை. தங்கை என்று நான் சொல்கிறவள் ஒரு தையல்காரி. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஏறக்குறைய ஒரு மாதத்துக்கு முன்னால், எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில், பிரேக்கைத் திறந்து பார்க்காமலே 'பார்த்தாயிற்று' என்று தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த கட்டடத்திலிருந்து மூன்றாவது தடவையாகப் போன் வந்துகொண்டிருந்தது, அதுதான் காரணம். நான்காம் நாள் அந்த லிஃப்ட் இரண்டு மாடி சறுக்கி இறங்கியது. உள்ளே இருந்த டீச்சரம்மாவுக்கு இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

கம்பெனி அவரை வேலையை விட்டு நிறுத்தி வைத்தது. இரண்டு வாரம் வீட்டுக்கும் நூலகத்துக்குமாக நடந்தார். ஒன்பது நாளைக்கு முன்னால், செல்போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, "கடைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பியவர்தான்.

நாளைக் காலை பத்து மணிக்குக் கம்பெனியில் விசாரணை. அவர் வந்து நிற்காவிட்டால் ஓடிப்போனவர் என்று எழுதிப் போலீஸில் கொடுத்துவிடுவோம் என்று கடிதம் வந்திருக்கிறது. தங்கைக்கு அந்தக் கடிதம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. ஆள் உயிரோடு இருந்தால் போதும் என்ற இடத்துக்கு அவள் வந்து ஒரு வாரம் ஆகிறது.

இன்றைய கதை அவளுடைய அக்காவிடமிருந்து தொடங்குகிறது.

அக்காவுக்கு நூலகத்தில் வேலை. புத்தகம் அடுக்குகிற வேலை இல்லை. வாசகர் மேசை. 'எனக்கு இந்த மாதிரி ஒரு கதை வேணும்' என்று எதிரில் வந்து உட்கார்ந்தால், எழுந்து போய் எடுத்துக்கொண்டு வருவாள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஊரில் எல்லோரும் அவளைப் புத்தகக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

அவள் வேலை செய்யும் விதத்தைச் சொல்லியாக வேண்டும், இன்றைய வம்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வந்தவர் கேட்பதை அவர் வாயிலிருந்து வந்த வார்த்தையிலேயே ஒரு சீட்டில் எழுதுவாள். மேலே 'கேட்டது'. அதன் கீழே 'தந்தது', புத்தகத்தின் பெயர். அதற்கும் கீழே 'வகை': துப்பறிதல், காதல், சரித்திரம், பேய், நகைச்சுவை, ஏதோ ஒன்று. சீட்டு புத்தகத்தோடு போகும், நகல் அவள் இழுப்பறையில் இருக்கும். படித்து முடித்தவர்கள் சீட்டின் பின்பக்கம் எப்படி இருந்தது என்று எழுதி, அடுத்தது என்ன வேண்டும் என்றும் எழுதிவிடுவார்கள். எந்தக் கிளையில் திருப்பிக் கொடுக்கிறார்களோ அந்தக் கிளைக்கே மறுநாள் வண்டியில் அடுத்த புத்தகம் போய்விடும்.

ஒரு மருமகள் ஒருமுறை வந்து, "மாமியாருக்கு விஷம் வைக்கிற கதை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். புத்தகக்கா கண்ணைக்கூட நிமிர்த்தாமல் 'துப்பறிதல்' என்று எழுதி எடுத்துக் கொடுத்தாள். பத்து நாளில் சீட்டு திரும்பி வந்தது. 'நல்லா இருந்தது. விஷம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன். அடுத்து ஒரு காதல் கதை.' இதை அவள் வீட்டில்கூடச் சொன்னதில்லை. வாசகர் சீட்டு வாசகருக்கும் மேசைக்கும் மட்டும். அது அவளுடைய சட்டம்.

காலை பத்து மணிக்குப் பை அண்ணன் வந்தார். மற்ற கிளைகளில் திரும்பிய புத்தகங்களைத் துணிப் பையில் போட்டு வண்டியில் கொண்டுவருகிறவர். ஒவ்வொரு புத்தகத்திலும் எந்தக் கிளை, என்ன தேதி என்று முத்திரை இருக்கும்.

"நாலு பை. பன்னெண்டு மணிக்குக் கிளம்பிடுவேன், போற சாமான் இருந்தா அதுக்குள்ள கட்டி வைங்க," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மூன்றாவது பையில் அந்த மஞ்சள் அட்டைப் புத்தகம் இருந்தது. நகைச்சுவைச் சிறுகதைத் தொகுப்பு. புத்தகக்கா மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதை எடுத்தாள். அந்தப் புத்தகம் கடைசியாக யார் கைக்குப் போனது என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது நாளாக அதன் நகல் சீட்டு இருக்கிற இழுப்பறையைத் திறக்கவே பயந்துகொண்டிருந்தாள்.

முத்திரை: துறைமுகக் கிளை. தேதி: நேற்று.

நேற்று. பிணவறைக்குப் போனது முந்தாநாள். அப்படியென்றால் நேற்று இந்த ஆள் நடந்து போய், திருப்பிப் போடும் பெட்டிக்குள் புத்தகத்தைப் போட்டிருக்கிறார். புத்தகக்கா சீட்டை உருவித் திருப்பினாள்.

'கதை படிச்சேன் அண்ணி. சிரிப்பு வந்துச்சு. சரியாத்தான் எழுதியிருக்காங்க. போனவன் திரும்பி வர்ற கதை ஏதாவது இருக்கா?'

உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

"உயிரோட இருக்கார்டி."

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுகிற சத்தம் நின்றது.

"கேக்குதா? துறைமுகத்துப் பக்கம் இருக்கார். நீ கிளம்பி இங்க வா."

கால் மணி நேரத்தில் வந்துவிட்டாள். அளவெடுக்கிற டேப் கழுத்தில் தொங்கியது. ஒரு கையில் ஆர்டர் நோட்டு, விரலில் கழற்ற மறந்த தையல் விரலுறை. தலைகூட வாரவில்லை. அக்காவின் கையிலிருந்து சீட்டைப் பிடுங்கிப் படித்தாள். ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்த்தாள்.

"அவர் எழுத்துதான். 'கதை'க்கு இப்படித்தான் வால் போடுவார்." அப்புறம், "'சரியாத்தான் எழுதியிருக்காங்க'ன்னா? என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள்.

புத்தகக்கா மஞ்சள் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

தங்கை சீட்டைத் திருப்பினாள். முன்பக்கம் அக்காவின் முத்து முத்தான கையெழுத்து.

'கேட்டது: வீட்ல ஒருத்தன் இல்லாமப் போனா மத்தவங்க எப்படி இருப்பாங்கன்னு ஒரு கதை. வகை: நகைச்சுவை.'

அந்தக் கதை என்ன என்று நான் சொல்லிவிடுகிறேன், அக்காவால் சொல்ல முடியாது. ஒரு குடும்பத் தலைவர் ஒரு மாதம் வெளியூர் போகிறார். அவர் போன பிறகு ஒழுகிக்கொண்டிருந்த குழாய் சரியாகிறது. பிள்ளை முதல் மார்க் வாங்குகிறான். மனைவிக்குத் தலைவலி விட்டுப் போகிறது. அவர் திரும்பி வந்து கூடத்தில் உட்கார்ந்தால் அவர் போனதே யாருக்கும் தெரியவில்லை. படித்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்த கதை. பாவம், மனசு சரியில்லாமல் இருக்கிறார், கொஞ்சம் சிரிக்கட்டும் என்று எடுத்துக் கொடுத்தாள்.

தங்கை மஞ்சள் புத்தகத்தைப் புரட்டி, அந்தக் கதையை நின்றபடியே படித்து முடித்தாள்.

"இதை எப்பக் குடுத்த?"

"போறதுக்கு முந்தின நாள். சாயங்காலம்."

"கேக்கறப்ப மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"நான் எழுதிட்டிருந்தேன்..."

"மூஞ்சியக் கேட்டேன்கா."

"பாக்கலடி," என்றாள் புத்தகக்கா. "அவர் சொன்னதை வார்த்தை மாறாம எழுதினேன். ஆனா காதுல வாங்கல."

பிறகு இருபத்திரண்டு வருஷத்துச் சட்டத்தை உடைத்தாள். இழுப்பறையைத் திறந்து மற்ற இரண்டு நகலையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்றில், 'தப்பு பண்ணவன் அதோட எப்படி வாழ்றான்னு ஒரு கதை. வகை: துப்பறிதல்.' இன்னொன்றில், 'யாருக்கும் தெரியாத ஊர்ல ஒருத்தன் இருக்கிற கதை. வகை: பயணம்.'

தங்கை மூன்று சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால் புத்தகக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இவர் உங்கிட்ட கதை கேக்கலக்கா. சொல்லிட்டிருந்திருக்கார். எங்கிட்ட சொல்ல வாய் வரல, உங்கிட்ட வந்து மூணு தடவை சொல்லியிருக்கார். நீ உக்காந்து வகை போட்டிருக்க."

"ஆமா."

"ஒம்போது நாளா இதைப் பூட்டி வச்சுக்கிட்டு எங்கூட ஸ்டேஷன் ஸ்டேஷனா அலைஞ்சிருக்க."

"ஆமாண்டி. பயந்துட்டேன். நீ இப்படிக் கேப்பேன்னுதான் பயந்தேன்."

இந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் அக்காவை அறைய வேண்டும் என்பீர்கள். தங்கையும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் சுவரில் மணி பத்தே முக்கால்.

"நான் துறைமுகத்துக்குப் போறேன். போலீஸையும் கூட்டிட்டுப் போறேன்."

"போலீஸப் பாத்தா ஓடிடுவார். உன்னப் பாத்தாலும் ஓடுவார். ஒம்போது நாளா ஓடிட்டிருக்கிற ஆளுடி." புத்தகக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அவர் கேட்டது ஒரு கதை. இன்னிக்கு வண்டியில வரும்னு அவருக்குத் தெரியும். அதுக்காக அந்தக் கிளைக்கு வருவார். என்னைய நம்ப வேண்டாம். அவர் கேட்டதை நம்பு."

தங்கை கையை உதறிக்கொண்டாள். ஆனால் போகவில்லை.

"சரி. எடு பாக்கலாம். அவன் திரும்பி வரணும். வீட்டுல உள்ளவங்க கதவத் திறக்கணும். அது இருக்கிற கதையா எடு."

உலகத்திலேயே சுலபமான விஷயம் என்று நினைத்துத்தான் புத்தகக்கா எழுந்தாள். பதினெட்டாயிரம் புத்தகம் இருக்கிற கட்டடம்.

முதலில் துப்பறியும் வரிசை. போனவன் வருகிறான், வாசலிலேயே விலங்கு மாட்டுகிறார்கள். வேண்டாம். பேய்க் கதைகள். அங்கே எல்லோரும் திரும்பி வருகிறார்கள், செத்த பிறகு. புத்தகக்கா அந்த அலமாரியைத் தங்கை பார்ப்பதற்கு முன்னாலேயே தாண்டிப் போனாள். சரித்திர நாவல். பன்னிரண்டு வருஷம் போரில் இருந்துவிட்டு வருகிறான், மனைவி வேறொருவனுக்குப் பட்டத்து ராணி. விஞ்ஞானக் கதை. விண்வெளியிலிருந்து திரும்புகிறான், இங்கே இருநூறு வருஷம் ஓடிவிட்டது.

"அவ்வளவு நாளெல்லாம் எங்களால இருக்க முடியாது," என்றாள் தங்கை.

அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அக்கா எடுத்துப் போடுகிற ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தை மட்டும் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். வேறு நாளாக இருந்தால் புத்தகக்கா உயிரை விட்டிருப்பாள். தங்கை பிறந்ததிலிருந்து ஒரு நாவல் முழுசாகப் படித்தவள் இல்லை. 'இல்லாதவனுக்கு நடக்காதது நடந்தா எனக்கென்ன' என்று கேட்கிற ரகம்.

காதல் கதைகள் ரயில்வே ஸ்டேஷனில் முடிந்தன. குடும்ப நாவல்களில்தான் நிறையப் பேர் திரும்பி வந்தார்கள். வந்து, வாசலில் நின்று, கதவைத் தட்டக் கையை உயர்த்தினார்கள். முற்றும்.

"இவனும் கதவோட நிறுத்திட்டான்," என்று தங்கை ஐந்தாவது புத்தகத்தைத் தள்ளினாள். "உள்ள போயி ரெண்டு வார்த்தை பேசினா எழுதறவனுக்கு என்ன குறைஞ்சிடும்?"

"மீதிய நம்மளே நெனச்சுக்கணும். அதுதான் இலக்கியம்பாங்க."

"கொழுப்புன்னு சொல்லு."

எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறாள். வாங்கிக்கொள்கிறேன்.

ஒரு சிறுகதை கிட்டத்தட்ட ஒத்து வந்தது. மனைவி கன்னத்தில் ஒன்று விட்டு, பிறகு தட்டை வைக்கிறாள். தங்கைக்குப் பிடித்துப் போனது. ஆனால் அதில் அவன் போனது இன்னொருத்தி வீட்டுக்கு. கடைசியாகப் புத்தகக்கா தனக்கு உயிரான ஒரு நாவலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் அவன் வருகிறான், கதவும் திறக்கிறது, எல்லோரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஐந்நூற்று எண்பதாம் பக்கத்தில்.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணைக்கா."

மணி பதினொன்றே கால். புத்தகக்கா அலமாரிகளுக்கு நடுவே நின்றாள். இருபத்திரண்டு வருஷத்தில் யாரையும் அவள் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. கேட்டதற்கு ஏற்ற மாதிரி ஒன்று எங்கேயாவது இருக்கும் என்றுதான் நம்பியிருந்தாள். இப்போது ஒரு மனிதன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறான், கொடுக்க ஒன்றும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தங்கை அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆர்டர் நோட்டைப் பிரித்து, அளவுகள் எழுதிய பக்கங்களைப் புரட்டி, வெள்ளைப் பக்கத்துக்கு வந்தாள்.

"பேனா குடு."

"என்ன பண்ணப் போற?"

"இல்லேன்னா எழுதித்தானே ஆகணும்."

முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவள் எழுதினாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, தாளில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து எழுதினாள். முடிந்த பக்கங்களைப் புத்தகக்கா எட்டிப் படித்தாள். தங்கை தடுக்கவில்லை. இப்படி இருந்தது:

'முதல் நாள். நாலு பேருக்குச் சமைச்சேன். நாம மூணு பேர்தான். ஏன் நாலுன்னு தெரியல. ரெண்டாம் நாள். உங்க நீல சட்டையில மூணாவது பட்டன் பிஞ்சிருக்கு. ஊசியில நூல் கோத்தேன். இன்னும் தைக்கல. தைச்சா மடிச்சு உள்ள வைக்கணும். மூணாம் நாள். குழாய் ஒழுகுது. யாரும் சரி பண்ணல. நீங்க இல்லாம வீடு நல்லா இருக்கும்னு எழுதினவன் வந்து பாத்துட்டுப் போகட்டும். பொண்ணுகிட்ட வெளியூர் வேலைன்னு சொன்னேன். நம்பற மாதிரி நடிக்கிறா. அவ நம்பிட்டான்னு நானும் நடிக்கிறேன். அஞ்சாம் நாள். ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையும் இடது கையா வெட்டிட்டேன். துணி போச்சு.

'ஆறாம் நாள். டீச்சரம்மாவப் போய்ப் பாத்தேன். திட்டினாங்க. ஒரு மணி நேரம் நின்னு வாங்கிக்கிட்டேன். நீங்க கையெழுத்து போட்டது தப்பு. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். கெளம்பறப்ப அவங்க சொன்னாங்க, உன்னத் திட்டி என்ன ஆகப் போகுது, அவன வரச் சொல்லுன்னு. வரக் கூடாதுன்னு சொல்லல. வரச் சொன்னாங்க. ஏழாம் நாள் ஒரு செத்தவர் முகத்தைப் பாக்க வச்சாங்க. அதைப் பத்தி எழுத மாட்டேன்.'

கடைசிப் பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். எழுதி, அந்தத் தாளை இரண்டாக மடித்து, ரவிக்கையிலிருந்து குண்டூசி எடுத்துக் குத்தினாள்.

"இது அவருக்கு."

"நான் கேக்கவே இல்லையே," என்றாள் புத்தகக்கா.

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம். பை அண்ணன் வாசலில் நின்றுகொண்டு நோட்டைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டார்.

"நம்பர் இல்லாத சாமான் ஏத்த மாட்டேன்கா. போன மாசம் ஒருத்தங்க டிபன் பாக்ஸப் போட்டு அனுப்பி எனக்கு மெமோ வாங்கிக் குடுத்தாங்க."

புத்தகக்கா உள்ளே போனாள். காதல் வரிசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, நம்பர் ஒட்டிய மேலட்டையை உருவினாள். நோட்டின் மேல் போர்த்திப் பார்த்தாள். நிற்கவில்லை, வழுக்கியது.

தங்கை கழுத்து டேப்பை இழுத்து அளந்தாள். "முக்கால் இஞ்சு பெருசு. பிடிச்சுத் தைச்சா சரியாயிடும்." விரலுறை இன்னும் விரலில்தான் இருந்தது. முந்தானையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து, மூலைக்கு ஒன்றாக நாலு தையல் போட்டாள். பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள்.

புத்தகக்கா புதுச் சீட்டு எடுத்தாள். மெக்கானிக்கின் உறுப்பினர் எண். 'கேட்டது: போனவன் திரும்பி வர்ற கதை. தந்தது: தையல்காரி எழுதியது.' வகை என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுச் சீட்டைச் செருகினாள்.

பை அண்ணன் நம்பரைப் பார்த்தார். அட்டையின் மூலையில் இருந்த தையலையும் பார்த்தார். தங்கையின் முகத்தையும் பார்த்தார். பிறகு பைக்குள் போடாமல், வண்டியில் தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

வண்டி போனதும் புத்தகக்கா துறைமுகக் கிளைக்குப் போன் செய்தாள். அங்கே எப்போதும் ஜலதோஷம் பிடித்த ஒருவர் இருக்கிறார். வருஷம் பூரா மூக்கை உறிஞ்சிக்கொண்டே புகார் சொல்கிறவர்.

"ரெண்டு மணி வண்டியில ஒரு புத்தகம் வருது. அதுல இருக்கிற சீட்டு நம்பர்காரர் வந்து எடுத்தா எனக்கு ஒரு போன் பண்ணணும்."

"வாசகர் விவரத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு போன வருஷக் கூட்டத்துல ஒரு மணி நேரம் பேசினது நீங்கதானே மேடம்."

"பேசினேன். இப்ப கெஞ்சறேன்."

கிளைக்காரர் மூக்கை உறிஞ்சினார். "யாரு?"

"என் தங்கச்சி வீட்டுக்காரர். ஒம்போது நாளாக் காணோம்."

"போன் பண்றேன்," என்று வைத்துவிட்டார்.

மூன்று மணிக்குத் தங்கை எழுந்தாள். "பொண்ணு ஸ்கூல் விட்டு வந்துடுவா. பக்கத்து வீட்ல விட்டுட்டு வந்துடறேன்," என்றாள். அதில் பாதி நிஜம். புத்தகக்கா தலையாட்டினாள்.

நாலு ஆயிற்று. நாலரை. தங்கை வரவில்லை. போன் எடுக்கவில்லை. ஒரு பெரியவர் வந்து சிரிக்கிற மாதிரி ஏதாவது கதை வேண்டும் என்று கேட்டார். புத்தகக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். "என்ன ஆச்சு, உக்காருங்க," என்றாள். அவர் கால் மணி நேரம் பேசினார். புத்தகம் எடுக்காமலே போனார்.

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

"மேடம், வந்துட்டார்." கிளைக்காரர் வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசினார். "அஞ்சு மணிக்கே வந்துட்டார். தாடியும் அதுவுமா இருக்கார். நம்பர் சொன்னார், குடுத்தேன். ஜன்னலோரமா உக்காந்தார்."

"படிக்கிறாரா?"

"ஊசி குத்தின பக்கத்தை மொதல்ல பிரிச்சார். படிச்சுட்டு மறுபடியும் அதே மாதிரி ஊசி குத்தி வச்சார். அப்புறம் முன்னாடிலேர்ந்து படிக்கிறார். ரெண்டாவது தடவை போயிட்டிருக்கு."

புத்தகக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இன்னொண்ணு மேடம். வாசல்ல ஒரு அம்மா நிக்கிறாங்க. நாலு மணிலேர்ந்து எதிர்ல பஸ் ஸ்டாப்புல இருந்தாங்க. அவர் உள்ள வந்தப்புறம் இங்க வந்து நின்னுட்டாங்க. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கறாங்க. கழுத்துல டேப் இருக்கு."

"அவர் பாத்துட்டாரா?"

"இல்ல. முதுகு காட்டி உக்காந்திருக்கார். நான் கதவத் திறந்து அந்தம்மாவ உள்ள கூப்பிடட்டுமா?"

யார் அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. கூப்பிடச் சொன்னால் அவர் பயந்து எழுந்து ஓடலாம். சொல்லாவிட்டால் தங்கை மனசு விட்டுத் திரும்பிப் போகலாம்.

"நீங்க எதுவும் பண்ணாதீங்க. போனை மட்டும் வச்சுடாதீங்க."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பிறகு நாற்காலி தரையில் உரசுகிற சத்தம்.

"எந்திரிச்சுட்டார் மேடம்."

"எங்க போறார்?"

"திரும்பிப் பாத்துட்டார்." கிளைக்காரர் மூச்சை இழுத்துக்கொண்டார். "அப்படியே நிக்கிறார். இல்ல, நடக்கறார். வாசலுக்குத்தான் போறார். நோட்டைக் கக்கத்துல வச்சிருக்கார்."

"அப்புறம்?"

"கதவத் திறந்துட்டார்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல. இவர் உள்ள நிக்கிறார். அந்தம்மா வெளிய நிக்கிறாங்க. பேசல. அந்தம்மா அவர் சட்டையப் பாத்துட்டிருக்காங்க."

"கதவு?"

"திறந்துதான் இருக்கு. கையால பிடிச்சுக்கிட்டு நிக்கிறார்." ஒரு நிமிஷம் கழித்து, சங்கடத்தோடு, "மேடம், ஆறு மணிக்கு நான் பூட்டணும்," என்றார்.

சுவர்க் கடிகாரத்தில் ஆறாக இரண்டு நிமிஷம். புத்தகக்கா இத்தனை வருஷத்தில் தன் கட்டடத்தை ஒரு நாள்கூட நேரம் தாண்டித் திறந்து வைத்ததில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் லேட்டாப் பூட்டுங்க," என்றாள். "மெமோ வந்தா எம் பேரைச் சொல்லுங்க."

அந்தப் பக்கம் சாவிக்கொத்தை மேசைமேல் வைக்கிற சத்தம் கேட்டது.